ஆட்டத்தை நிறுத்திய கம்பி

என் வயிறு எனக்குச் சொந்தமில்லை. நான் ஒன்று நினைத்தால் அது வேறொன்று நினைக்கும். ஊரில் இருந்தபோது மாட்டு வண்டியில் ஏறினால்கூட முதல் மைல்கல் வருவதற்குள் தலையை வெளியே நீட்டிவிடுவேன். அப்படிப்பட்டவளை அந்தமானில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்லவரா என்று விசாரித்தார்கள், சம்பளம் என்ன என்று விசாரித்தார்கள், நடுவில் ஒரு கடல் இருக்கிறதே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மதராசில் கப்பல் ஏறியதும் படுத்தேன். போர்ட்பிளேரில் எழுந்தேன். நடுவில் நடந்ததைச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை, கேட்க உங்களுக்கும் இருக்காது. சாத்தம் ஜெட்டியில் இறங்கி, தரை வந்துவிட்டது என்று காலை ஊன்றினால் தரையும் ஆடியது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

அவர் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் கேம்ப் மேனேஜராக இருந்தார். ஃபெரார்கஞ்சைத் தாண்டி, காட்டுக்குள் வெகுதூரம் போனால் ஒரு சிற்றோடை. அதன் ஒரு கரையில் அவருடைய மர டெப்போ. எதிர்க்கரையில் குடியேறியவர்களின் குடிசைகள். லாரித் தடம் குடிசைக் கரையோடு முடிந்துவிடும், அங்கிருந்து டெப்போவுக்கு ஓடத்தில்தான் கடக்க வேண்டும். எனக்குப் போர்ட்பிளேரிலேயே ஜங்லிகாட்டில் தகரக்கூரை போட்ட ஓர் அறை பார்த்து வைத்திருந்தார். சனிக்கிழமை இரவு ஜீப்பில் வருவார், திங்கட்கிழமை விடியும்போது போய்விடுவார். மற்ற நாட்களில் நான் தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"கேம்புக்கே வந்துடேன்" என்று கூப்பிட்டார். ஒருமுறை கிளம்பினேன். ராணுவத்தில் கழித்துவிட்ட பழைய ஜீப் அது. சாலையில் ஒரு சின்னக் கல்லைக் கண்டால்கூட இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் சாய்ந்து கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகரும். பம்பூஃபிளாட்டுக்குப் படகு பிடிக்க வேண்டிய சாத்தம் பாலத்துக்குக்கூட நாங்கள் போய்ச் சேரவில்லை. பாதி வழியிலேயே இறங்கி, சாலையோரமாக உட்கார்ந்து, "என்னை வீட்டில் விடுங்கள், நான் அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறேன்" என்று அழுதேன்.

"ஜீப்புக்கே இப்படி. கப்பல் ஆடாதா?" என்றார்.

அது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. என் வயிறு என்னைத் தீவில் சிறை வைத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அடுப்பில் சோறு குழைந்ததற்காக வந்தாலும்கூட, கடைசியில் நான் "அடுத்த கப்பல்லே போயிடுவேன்" என்பேன். அவர் "டிக்கெட் எடுக்கட்டா?" என்பார். அதோடு முடியும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஊரில் வாத்தியாரம்மா. ஹிந்திப் பரீட்சைகளும் எழுதி வைத்திருந்தேன். எழுதும்போது எதற்கு என்று தெரியாமல் எழுதியது, இங்கே வந்ததும் தங்கமாகிவிட்டது. வங்காளிப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ராஞ்சிப் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வாத்தியார் ஹிந்தியில்தான் பேசியாக வேண்டும். டெப்போவுக்கு எதிர்க்கரையில் இருந்த குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் ஒருவரே எல்லா வகுப்பையும் மேய்த்துக்கொண்டிருந்தார். கூட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் மனுப்போட்டேன், கிடைத்துவிட்டது.

கிடைத்ததில் ஒரு கொக்கியும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான் போய்ச் சேர வேண்டும். மத்தியானம் ஹெட்மாஸ்டர் டோங்கி ஏறி ஊருக்கு, அதாவது போர்ட்பிளேருக்கு, வந்துவிடுவார். டோங்கி என்றால் இங்கே சின்னப் படகு. அவர் வரும்போது புது டீச்சர் வந்து சேரவில்லை என்று சொல்லிவிட்டால், வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவருக்கு வேலை போய்விடும். அந்த ஆள் பெட்டி கட்டித் தயாராக இருப்பதாக வேறு சொன்னார்கள்.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சோற்றைவிட அதிகமாக வேண்டியிருந்தது. தகரக்கூரைக்கு அடியில் உட்கார்ந்து நான் துருப்பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடு, அங்கே போனால் கல்யாணம் கட்டியவரோடு ஒரே இடத்தில் இருக்கலாம். அதுவரை நாங்கள் வாராந்திரத் தம்பதியாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சந்தோஷம். ஜங்லிகாட்டில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய வேன் ஒன்றை உடைத்துப் போட்டிருந்தார்களாம். அதன் முன்பக்கத்தில் ஒரு கம்பி. கட்டைவிரல் பருமன், ஆள் உயரம், இரண்டு முனையும் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். ஸ்பிரிங் இரும்பு. ஸ்டெபிலைசர் ராடு என்று பெயர். வண்டிக்குக் குறுக்கே அதைக் கட்டி, முனைகளை இரண்டு முன்சக்கரத்தின் பக்கமும் பிணைத்துவிட்டால், ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது மறுபக்கம் பிடித்து இழுக்கும். வண்டி ஆடாது. அதைத்தான் அவர் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஜீப்புக்கு இது உண்டா?" என்றேன்.

"இல்ல. நம்ம ஜீப்புக்கு உண்டு" என்றார்.

மாட்டிக்கொடுத்தது எங்கள் ஜீப் டிரைவரின் அண்ணன். டிரைவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவர் பாட்டன் காலத்திலிருந்தே குடும்பம் இங்கேதான். நல்ல மனிதர், நாக்கில் ஹிந்தி, வீட்டில் ஹிந்தி, எங்களுக்காகக் கற்றுக்கொண்ட தமிழ் கொஞ்சம். அவருடைய அண்ணன் படகு கட்டும் மிஸ்திரி. ஜீப் வேலைக்குப் படகு மிஸ்திரியா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் இங்கே எது உடைந்தாலும் படகுக்காரர்களிடம்தான் போகும். என் தையல் மெஷினின் பெடலைக்கூட ஒரு படகு மிஸ்திரிதான் சரிசெய்தார். கடலில் மிதந்தாலும் கெடாத அளவுக்குச் செய்திருந்தார்.

ஜீப்பையும் அப்படித்தான் செய்தார். ஒவ்வொரு போல்ட்டையும் மாட்டி, நட்டை இறுக்கி, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைச் சுத்தியலால் அடித்துக் காளான் மாதிரி விரித்துவிட்டார். அதன் மேல் கப்பலுக்குப் பூசும் சிவப்பு ஈயப் பெயிண்டைக் குழைத்து அப்பினார். கடலில் ஒரு நட்டு கழன்றால் ஆட்கள் முழுகிவிடுவார்கள். அதனால் போட்டது போட்டதுதான், கழற்றுவது என்ற பேச்சே அவர்கள் தொழிலில் கிடையாது.

"அண்ணன் காம் பக்கா காம், பாபி" என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். காம் என்றால் வேலை, பாபி என்றால் அண்ணி. "தூஃபான், பெரிய புயல் வந்தாலும் கழலாது."

அன்று சாயங்காலமே என்னை உட்காரவைத்து ஜங்லிகாட் இறக்கத்தில் இறக்கினார்கள், அபர்தீன் பஜார் ஏற்றத்தில் ஏற்றினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைக் கேட்டேன். வயிறு பேசவே இல்லை. வண்டி தேர் மாதிரி நேராகப் போயிற்று. இறங்கியதும் டீயும் வடையும் சாப்பிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கல்யாணத்தில்கூட அவர் அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை முதல் படகிலேயே ஜீப்பை ஏற்றி பம்பூஃபிளாட்டில் இறங்கினோம். பின்னால் என் தகரப்பெட்டி, ஒரு படுக்கை, அரிசி, பருப்பு. மேட்டுச்சாலையில் வளைந்து வளைந்து போனோம். நான் பாட்டுக்கூடப் பாடினேன். ஃபெரார்கஞ்சில் நிறுத்தி, வேண்டுமென்றே எண்ணெய் சொட்டும் பூரி வாங்கித் தின்றேன். "பாத்து" என்றார் அவர். "உங்க கம்பி இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்றேன். அந்தப் பூரியைப் பற்றிப் பிறகு வருத்தப்பட வேண்டியிருந்தது.

சாலை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது மர லாரிகள் உழுதுபோட்ட மண் தடம். முந்தின நாள் நல்ல மழை. ஒரு நாலாவில் இறங்கினோம். நாலா என்றால் இங்கே ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் குறைவுதான், ஆனால் ஏறும் பக்கத்தில் லாரி டயர்கள் இடுப்பளவுக்குப் பள்ளம் பறித்து வைத்திருந்தன. ஜீப் முனகிக்கொண்டு ஏறியது, பாதியில் நின்றது. ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் எதிர்ப்பக்கத்துச் சக்கரமும் அதைப் பார்த்துச் சுற்றியது. சேறு மட்டும் பறந்தது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

அவர் சொல்லத் தயங்கியது எனக்கே புரிந்தது. பழைய ஜீப் காட்டில் போனதே அது ஆடியதால்தான். ஒரு சக்கரம் குழியில் இறங்கும், மற்றது மேட்டில் ஏறும், நடுவில் உட்கார்ந்திருப்பவரின் குடல் வெளியே வரும், ஆனால் நாலு சக்கரமும் மண்ணை விடாது. இப்போது எங்கள் கம்பி இரண்டு முன்சக்கரத்தையும் கைகோத்துப் பிடித்திருந்தது. ஒன்று மேலே ஏறினால் மற்றதையும் கூடவே தூக்கிக்கொண்டது. ஆட்டம் நின்றதோடு ஓட்டமும் நின்றுவிட்டது.

கிளைகளை வெட்டிப் போட்டோம், தள்ளினோம், டிரைவர் அந்த ஜீப்பின் பரம்பரையையே ஹிந்தியில் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"கல்லு அடுக்கி ஏத்திடலாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இந்த கட்டாவுக்கு அடுக்கலாம் சாப்" என்று டிரைவர் குழியைக் காட்டினார். பிறகு மேலே ஏறிப்போன தடத்தைக் காட்டினார். "கேம்ப் வரைக்கும் இப்படியே கட்டா கட்டாவா இருக்கு. எல்லாத்துக்கும் யாரு அடுக்குறது?"

நடந்து போகலாம் என்றேன். தூரம் அதிகம், அட்டைக்காடு, போய்ச்சேர இருட்டிவிடும் என்றார்கள். ஹெட்மாஸ்டர் அதற்குள் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "திரும்பிடலாம். நான் அப்புறமா ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிக்கிறேன். வேற எடம் வராமலா போயிடும்?"

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று இரண்டு காதும் கொதித்தன.

"கம்பியைக் கழட்டுங்க" என்றேன்.

"கழட்டினா நீ ரெண்டு பர்லாங் தாங்கமாட்டே."

"வாந்திதானே வரும், உசிரா போயிடும்? கழட்டுங்கன்னா கழட்டுங்க."

"உனக்காகத்தானே போட்டேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை. சேற்றில் நின்றுகொண்டு, செய்த பலகாரத்தை யாரும் தொடாத சமையற்காரர் மாதிரி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி அத்தனை நாளில் அந்த மனிதர்மேல் எனக்கு முழுசாகப் பிரியம் வந்தது அந்த நிமிஷத்தில்தான். வந்த பிரியத்தையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. "நிக்காதீங்க, ஸ்பேனரை எடுங்க" என்றேன்.

டிரைவர் கை காட்டித் தடுத்தார். சக்கரம் கோணிக்கொண்டு நிற்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டிருக்குமாம். அப்போது போல்ட்டைத் தொட்டால் கம்பி துள்ளிப் பல்லைப் பெயர்க்கும். சமதரையில் வண்டி நேராக நின்றால்தான் அது சாதுவாக இருக்கும். ஆகவே தொங்கிக்கொண்டிருந்த சக்கரத்துக்கு அடியில் நாலாவின் கற்களையெல்லாம் பொறுக்கி அடுக்கி, ஜாக்கி கொடுத்து, பின்னுக்குத் தள்ளி, இக்கரையில் இருந்த கொஞ்சம் சமமான புல்தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நானும் கல் சுமந்தேன். அதற்குள் என் புதுப்புடவை எந்த நிறம் என்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது.

இரண்டு ஆண்களும் அடியில் படுத்தார்கள். ஸ்பேனர் போட்டார்கள், நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டார்கள், நட்டு சிரித்தது. அண்ணன் விரித்துவிட்ட காளான் இருக்கும்வரை நட்டு எங்கே போகும்?

"பக்கா காம்" என்றேன் நான், மேலே நின்றபடி.

"பாபி, இப்போ அண்ணனை ஏதும் சொல்லாதீங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டூல் பெட்டியில் இரும்பு அறுக்கும் ஓர் அரைகுறை ஆக்ஸா பிளேடு, ஓர் உளி, ஒரு சுத்தியல் இருந்தன. விரிந்த முனையை அறுத்தெடுத்தால் நட்டைத் திருகலாம். அறுத்தார்கள். சிவப்புப் பெயிண்ட் பொடிப்பொடியாகக் கொட்டி இரண்டு பேர் முகமும் குங்குமம் பூசினதுபோல ஆயிற்று. முதல் நட்டு கொஞ்சம் திரும்பியது. உடனே அந்தப் பக்கம் போல்ட்டின் தலையும் கூடவே திரும்ப ஆரம்பித்தது. தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது ஸ்பிரிங் பட்டைக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில், ஒரு சின்னச் சந்துக்குள் இருந்தது. என் வீட்டுக்காரரின் கை மணிக்கட்டோடு நின்றது. டிரைவரின் கை விரலோடு நின்றது.

நான் வளையல்களைக் கழற்றி அவர் சட்டைப்பையில் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். படுத்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றார்.

"தள்ளிப் படுங்க" என்றேன்.

ஜீப்புக்கு அடியில் இருந்து பார்த்தால் உலகம் ரொம்ப அமைதியாக இருக்கும். எண்ணெய் வாசனை, ஈரப்புல் வாசனை, மூக்குக்கு நேர் மேலே ஒரு இரும்பு வயிறு. என் கை சந்துக்குள் சரியாகப் போயிற்று. சின்ன ஸ்பேனரால் தலையைக் கவ்விக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். நட்டு ஒரு முனகலோடு வழிக்கு வந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் அப்படிப் படுத்திருந்ததை ஊரில் யாராவது பார்த்திருந்தால் கதையே கட்டியிருப்பார்கள்.

ஒரு முனை விடுபட்டதும் அவர் நைசாகச் சொன்னார். "போதும். ஒரு பக்கம் கழண்டா அது வேலை செய்யாது. கயிறு போட்டுத் தூக்கிக் கட்டிடலாம். ஊருக்குத் திரும்பும்போது மறுபடி மாட்டிக்கலாம்."

டிரைவர் தலையாட்டினார், சம்மதமாக இல்லை. தொங்குகிற முனை குதித்துக் குதித்து டயரைக் குத்திக் கிழிக்கும், நடுக்காட்டில் நிற்போம் என்றார். என் வீட்டுக்காரருக்கும் அது தெரியும். அந்தக் கம்பியை முழுசாக விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுமுனையையும் அறுத்தோம். சேஸில் பிடித்திருந்த இரண்டு கிளாம்பையும் அறுத்தோம். நடுவில் பிளேடு உடைந்தது. கடைசி போல்ட்டை உளி வைத்து அடித்தே உடைத்தோம். கம்பி கழன்று, கீழே கிடந்த கல்லின் மேல் விழுந்தது. ணங்ங் என்று ஒரு சத்தம். கோயில் மணி தோற்றது. காடு முழுக்க அது போய்த் திரும்பி வந்தது. டிரைவர் அதைத் தூக்கி ஜீப்பின் பின்னால் போட்டார்.

பிறகு ஜீப் ஏறியது. ஆடியது, சாய்ந்தது, கும்பிட்டது, குழியில் ஒரு காலும் மேட்டில் ஒரு காலுமாக அந்த நாலாவின் கரையில் ஏறியது. நான் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபெரார்கஞ்ச் பூரியைக் காட்டுக்குக் கொடுத்தேன். அப்புறம் காலையில் குடித்த டீ. அப்புறம், முந்தின நாள் சாப்பிட்டது. "நிறுத்தட்டுமா பாபி?" என்று டிரைவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். "நிறுத்தினா தொலைச்சுடுவேன்" என்றேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். வாந்தி எடுத்துக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன். அப்படி இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

சிற்றோடைக்கரைக்கு வந்தபோது ஹெட்மாஸ்டர் ஒரு காலை டோங்கியில் வைத்துவிட்டார். கேரளத்துக்காரர், வெள்ளை வேட்டி, கையில் குடை. ஜீப்பிலிருந்து சேறும் எண்ணெயும் சிவப்புப் பெயிண்டுமாக ஓர் உருவம் இறங்கி, தள்ளாடிக்கொண்டு தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து, வைத்த காலை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

"மே நயீ டீச்சர்" என்றேன், நான்தான் புது டீச்சர் என்று. மூச்சு வாங்கியது. பரீட்சைக்குப் படித்த ஹிந்தியில் அதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவர் காலை எடுத்து, கரையில் வைத்தார். படகுக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்துக் குடையின்மேல் வைத்து நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடித்த விரலில் இருந்த கிரீஸும் பெயிண்டும் பெயருக்குப் பக்கத்திலேயே அழுத்தமாகப் பதிந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தும் கைநாட்டும் சேர்த்து வைத்த டீச்சர் அந்தத் தீவில் நான் ஒருத்திதான். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொல்லிப் படகில் ஏறினார். நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைத்துவிட்டது.

பெட்டி படுக்கையை இறக்கும்போது, பின்னால் கிடந்த கம்பி உருண்டு மறுபடி ஒரு கல்லில் விழுந்தது. அதே சத்தம். மூங்கில் குடிசைகளிலிருந்து பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். மூக்கு ஒழுகுவதும், தம்பியை இடுப்பில் வைத்திருப்பதும், பாதிச் சோற்றுக்கையோடுமாக ஒரு கூட்டம். நான் எதுவும் சொல்லாமலே முழுப் பள்ளிக்கூடமும் என் முன்னால் வந்து நின்றது. அங்கே மணி கிடையாது. ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தித்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடுத்த தடவை மிஸ்திரிகிட்ட சொல்லி, சுலபமா கழட்டி மாட்டுற மாதிரி பின்னு வெச்சு..." என்று ஆரம்பித்தார்.

"அது ஜீப்புக்கு வேணாம்" என்றேன். "எனக்கு வேணும்."

பள்ளிக்கூடத்து முன் உத்தரத்தில் மெல்லிய கம்பியால் வளையம் கட்டி அதை மணியாகத் தொங்கவிட்டோம். திங்கட்கிழமை காலை ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து முதல் மணியை அடிக்கச் சொன்னேன். ரொம்பக் கூச்சப்பட்டார். பிறகு அடித்த அடியில் டெப்போவில் இருந்த ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டு மணியை நான் அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால், எதிர்க்கரையில் அவர் மரம் அளக்கும் நாடாவைச் சுருட்டிவிட்டு ஓடம் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து தினமும் மத்தியானச் சோறு சாப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

சில மாதம் கழித்து டிரைவரின் அண்ணன் ஒரு படகு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். தன் போல்ட்டுகளை நாங்கள் அறுத்த கதையைத் தம்பி சொல்லியிருப்பார் போல, வணக்கம்கூட வைக்காமல் நேராக மணிக்கு அடியில் போய் நின்றார். நாங்கள் கட்டியிருந்த கம்பி வளையத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "யே கிர் ஜாயேகா" என்றார், விழுந்துவிடும் என்று. பையைத் திறந்தார். இரண்டு தடித்த போல்ட் போட்டு உத்தரத்தில் முடுக்கினார், முனைகளை அடித்து விரித்தார், சிவப்புப் பெயிண்ட் குழைத்து அப்பினார். சத்தம் கொஞ்சமும் குறையாதபடி அதைச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, இனி ஆக்ஸாவைத் தொடாதே என்பதுபோல விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜீப் அதற்கப்புறமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. நானும் ஊருக்குப் போகும்போதெல்லாம் வழிநெடுக என் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தேன். எந்த வளைவில் எந்த மரம் என் மரம் என்று டிரைவருக்கு மனப்பாடம். கேட்காமலே அங்கே மெதுவாக்குவார்.

பல வருஷம் ஓடியது. கான்ட்ராக்டர் தொழிலை மூட்டை கட்டினார். என் வீட்டுக்காரருக்கு மதுரைப் பக்கம் ஒரு மரவாடியில் நல்ல வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒருநாள் மத்தியானம், சாப்பிட வந்தவர் இலைக்கு முன்னால் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன, அடுத்த கப்பல்லே போயிடுவேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கே" என்றார். "இப்ப நெசமாவே கேக்கறேன். டிக்கெட் எடுக்கட்டா?"

வெளியே பிள்ளைகள் கைகழுவிக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தில் அந்தக் கம்பி தொங்கியது. சிவப்புப் பெயிண்ட் அப்போதும் உரியவில்லை.

"போகலாம்" என்றேன். "முதல்ல அந்த மணியைக் கழட்டிக்கிட்டு வாங்க."

அவர் திரும்பி மணியைப் பார்த்தார், அண்ணன் அடித்து விரித்த போல்ட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன்.